மடலுக்குப் பின்னால் ஓடிய வரி

அழுகை நின்னுருச்சு பாருங்க அக்கா. இந்த ஏர் ஹாரன் சத்தத்துக்கு எந்தப் பிள்ளையும் நின்னுரும். தொண்டையிலிருந்து வரக் கூடாது, மூக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவிலிருந்து வரணும். இன்னொண்ணு போடட்டுமா? ரிவர்ஸ் எடுக்கிற வேன் இருக்கு, மிக்ஸி இருக்கு, எங்க பிரின்சிபால் இருக்கார். பிரின்சிபாலைப் போட்டா மறுபடி அழுதுருவான், வேண்டாம்.

உட்காரச் சொன்னதே பெரிய விஷயம்க்கா. மாட்டுத்தாவணியிலிருந்து நின்னுக்கிட்டே வர்றேன். பையா? இல்லை, மடியிலேயே இருக்கட்டும்.

எங்கே போறேன்னு மட்டும் கேட்காதீங்க. ஊர் பேரை யாருக்கும் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

ஆமா. கண்டக்டர்கிட்ட 'பரமக்குடி ஒண்ணு'ன்னு சத்தமாத்தான் கேட்டேன். உங்களுக்குக் கேட்டிருச்சா? சரி, ஊர்தானே. ஊருக்குள்ள எங்கேன்னு உங்களுக்குத் தெரியாதில்ல. அதைச் சொல்ல மாட்டேன்.

நான் பாலிடெக்னிக் கடைசி வருஷம்க்கா. கம்ப்யூட்டர். பேரு கோமதிராஜன். காலேஜ் விருதுநகர்ப் பக்கம். படிப்பு சுமார், குரல் நல்லா வரும். எங்க எச்.ஓ.டி. சீதாபதி சார் மாதிரி கதவுக்கு வெளியே நின்னு, "எவன்டா அங்கே ஐ.டி. கார்டு போடாம இருக்கிறது"ன்னு ஒரு தடவை கேட்டேன். லேபே எந்திரிச்சு நின்னுச்சு. அப்புறம் நிஜ சீதாபதி சார் வந்து அதையே கேட்டாரு. நான்னு நினைச்சு ஒருத்தனும் எந்திரிக்கலை. ஒருத்தன் உள்ளேயிருந்து, "போடலை, என்னடா பண்ணுவே"ன்னான். அவனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். எனக்கு ஒண்ணுமில்லை. எனக்கு எப்பவுமே ஒண்ணும் ஆகாதுக்கா, பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் ஆகும். சிரிக்கிறீங்க. நானும் அப்பல்லாம் சிரிச்சேன்.

எங்க லேபுக்கு ஒரு மிஸ் இருந்தாங்க. வண்டார்குழலி. கேட்டிருக்கீங்களா இப்படி ஒரு பேரு? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில்ல அம்மன் பேராம். நாங்க குழலி மிஸ்ன்னு சொல்லுவோம். முப்பது வயசு இருக்கும். லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருந்தாங்க. புரோகிராம் ஓடலைன்னா திட்ட மாட்டாங்க. பக்கத்து ஸ்டூல்ல உட்கார்ந்து, "எந்த வரியில மூச்சு நிக்குதுன்னு பார்ப்போமா"ம்பாங்க. இது அவங்க குரல்தான். கொஞ்சம் கம்மலா, வாக்கியம் முடியிற இடத்துல இறங்கும். பிள்ளை பாருங்க, இந்தக் குரலுக்கு எப்படிப் பார்க்கிறான்.

மிஸ் போர்டுல கீழ்ப்பாதியில மட்டும்தான் எழுதுவாங்க. வலது முழங்கை விலாவோட ஒட்டியே இருக்கும், கை நெஞ்சுக்கு மேலே போகாது. மேல்பாதி எப்பவும் வெள்ளையாக் கிடக்கும். அரைபோர்டு மிஸ்னு பேரு வச்சது நான்தான். ஒரு நாள் முழங்கையை ஒட்டி வச்சு வயித்து உயரத்துல எழுதிக் காட்டிக்கிட்டு இருந்தேன். பசங்க சத்தம் திடீர்னு நின்னுருச்சு. திரும்பினா மிஸ். என்னைப் பார்த்துட்டு, "முழங்கை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கணும் கோமதி"ன்னு சொல்லிட்டு அவங்க இடத்துக்குப் போயிட்டாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறமும் நான் செஞ்சேன். ஒட்டி வச்சுச் செஞ்சேன்.

குரூப் போட்டோ எடுத்தா, "நான் எடுக்கிறேன், குடுங்க"ன்னு போனை வாங்கிக்குவாங்க. மூணு வருஷத்துல அவங்க இருக்கிற போட்டோ ஒண்ணு கிடையாது. கூச்சம்னு நினைச்சோம்.

இதுல என் பங்கு எங்கே வருதுன்னா, மடல்ல. இ-மெயில்.

நீங்க போன்ல மெயில் பார்க்கும்போது அனுப்பினவங்க பேரு, தேதி, விஷயம் இதெல்லாம் தெரியுமில்ல. அது முன்பக்கம். அதுக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாம இன்னும் பல வரி ஓடும்க்கா. எந்த மெஷின்லேருந்து கிளம்புச்சு, எந்த வழியா வந்துச்சு, எல்லாம். தபால் உறையில குத்துற முத்திரை மாதிரி. அதுக்கு ஹெட்டர்னு பேரு. தேடித் திறந்தாத்தான் தெரியும். யாரும் திறக்க மாட்டாங்க. ஆனா அதைத் திறந்து பார்க்கிறதையே பொழுதுபோக்கா வச்சிருக்கிற ஒரு கூட்டம் இருக்கு. லினக்ஸ்னு இலவசமாக் கிடைக்கிற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல வேலை செய்றவங்க. அவங்களுக்குத் தமிழ்ல ஒரு மடல் குழுமம் உண்டு. ஒருத்தர் சந்தேகம் கேட்டு எழுதினா எல்லாருக்கும் போகும், யாராவது பதில் சொல்லுவாங்க. நான் அதுல சேர்ந்தேன். மிஸ்ஸையும் கூப்பிட்டேன். "எனக்கு அது ஆகாது கோமதி. என் பேரையும் அங்கே எடுக்காதே"ன்னாங்க. சரி மிஸ்ன்னேன். நான் எடுக்கலைக்கா. என் வாயால எடுக்கவே இல்லை.

அந்தக் குழுமத்துல இளவழகன் சார்னு ஒருத்தர். எந்தச் சந்தேகம் கேட்டாலும் அரைமணி நேரத்துல பதில். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. மத்தவங்க, "இதுகூடத் தெரியாதா"ம்பாங்க. இவரு, "நல்ல கேள்வி தம்பி"ன்னு ஆரம்பிப்பாரு. அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. ஹெட்டர்ல நம்ம சொந்த வரியும் சேர்க்கலாம்னு. எங்க சர்வர்ல 'மட்'னு பேருள்ள ஒரு மடல் நிரல், கருப்புத் திரையில வெறும் எழுத்தா ஓடும். அதோட அமைப்புக் கோப்புல ஒரு வரி எழுதி வச்சாப் போதும், அனுப்புற ஒவ்வொரு மடல் பின்னாலயும் அது ஒட்டிக்கிட்டுப் போகும். வெறும் வார்த்தைதான் வைக்கணும்னு இல்லை. மெஷினுக்கு வேலை சொல்ற ஷெல் கமாண்டையே அதுக்குள்ள வைக்கலாம். நிரலைத் திறக்கும்போது அந்தக் கமாண்டு ஓடி, கிடைக்கிற விடையைக் கொண்டுபோய் அந்த இடத்துல உட்கார வச்சுரும். மெஷின் பேரென்ன, எத்தனை நாளா அணையாம ஓடுது, இப்ப எவ்வளவு சுமை, எல்லாம் அதுவாவே எழுதிக்கிட்டுப் போகும்.

தூக்கம் வருதாக்கா? இன்னும் கொஞ்சம்தான். இது புரிஞ்சாத்தான் மீதி புரியும்.

எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. முதல்ல மெஷின் பேரு. அப்புறம் ஓடுற நேரம். அப்புறம் சீதாபதி சார் வசனத்தை ஒரு கோப்புல எழுதி வச்சு, மடலுக்கு ஒண்ணா வர்ற மாதிரி பண்ணேன். பிரின்சிபாலுக்கே லீவ் கேட்டு மெயில் அனுப்பினேன், அதுக்குப் பின்னால, 'இவனை நம்பாதீங்க சார்'னு எச்.ஓ.டி. வசனம் ஒளிஞ்சு போச்சு. லீவ் கிடைச்சது. குழுமத்துல எல்லாரும் திறந்து பார்த்துட்டுச் சிரிச்சாங்க. இளவழகன் சார், "தம்பி கெட்டிக்காரன்"னு எழுதினாரு. அதை நான் எங்க வீட்டு நம்பருக்கெல்லாம் படம் பிடிச்சு அனுப்பினேன்.

அப்புறம்தான் ஹூன்னு ஒரு கமாண்டு. அது அவரு சொல்லித் தரலைக்கா. அது என் சொந்த மூளை. சர்வர்ல இப்ப யார் யார் உள்ளே இருக்காங்கன்னு அது வரிசையாச் சொல்லும். எங்க லேப்ல ஒரே சர்வர், எல்லாரும் அதுக்குள்ளதான் வேலை செய்வோம். அதையும் ஹெட்டர்ல வச்சேன். ஆனா பார்க்க நல்லாவே இல்லை. எங்களுக்கெல்லாம் ரோல் நம்பர்தான் வரும். மிஸ்ஸோடது லேப்2ன்னு வரும். பேரு வராம லேப்2ன்னு வைக்கச் சொன்னதே மிஸ்தானாம், எனக்கு அப்புறம்தான் தெரியும். லேப்2ன்னா யாருக்கு என்ன புரியும்? அதனால எல்லார் விவரமும் பதிஞ்சிருக்கிற கணக்குக் கோப்பிலிருந்து முழுப் பேரையும் தேடி எடுக்கிற மாதிரி இன்னொரு கமாண்டை இதோட கோத்து விட்டேன். வரலை. திரும்ப எழுதினேன். வரலை. மிஸ்கிட்டயே போய், "ஒரு கோப்புல ஒரு பேருக்கு நேரா இருக்கிறதை மட்டும் எப்படி மிஸ் எடுக்கிறது"ன்னு கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக் குடுத்தாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் குழுமத்துக்கு ஒரு மடல் போட்டேன். ஏதோ ஒரு எழுத்துரு சந்தேகம். அதுக்குப் பின்னால காலேஜ் பேரோட மெஷின் பேரு. அதுக்கும் பின்னால என் பேரு, எங்க கிளாஸ் பசங்க ரெண்டு பேரு, வண்டார்குழலி.

இளவழகன் சார்கிட்டேயிருந்து எனக்குத் தனி மடல் வந்தது. "அருமையான வேலை தம்பி. உங்க லேப் நல்லாப் பராமரிக்கிற லேப்னு தெரியுது. யார் பொறுப்பு?" பெருமையா எழுதினேன்க்கா. மிஸ் எவ்வளவு நல்லாச் சொல்லித் தருவாங்கன்னு எழுதினேன். "அவங்க தினமும் வருவாங்களா? உள்ளூரா?" ஹாஸ்டல்னு எழுதினேன். எந்த பஸ்ல வருவாங்கன்னுகூட எழுதினேன், அந்த பஸ்ல மிஸ்ஸுக்கு எப்பவும் சீட் கிடைக்காதுன்னு ஒரு ஜோக்குக்காக. அப்புறம், "உங்க பசங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கலாம்னு ஆசை. இலவசமாத்தான். எச்.ஓ.டி.கிட்டக் கேட்டுச் சொல்லுங்க"ன்னாரு. சீதாபதி சாருக்குச் சந்தோஷம் தாங்கலை. கெஸ்ட் லெக்சர். பேனர் அடிச்சோம். மிஸ்ஸுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு பேனரை மடிச்சே வச்சிருந்தோம், காலையிலதான் கட்டினோம். அந்த ஐடியாவும் என்னோடதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். ஒல்லியா, கண்ணாடி போட்டு, நல்லா அயர்ன் பண்ணின சட்டை. என் தோள்ல கை போட்டுக்கிட்டே நடந்தாரு. கேன்டீன்ல டீ சாப்பிட்டோம். லேபுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டுப் போகக் கூடாது, வாசல்ல ஒரு ரேக் இருக்கும். அவர் ஷூவைக் கழட்டினாரு. கீழ் வரிசையில மிஸ்ஸோட செருப்பு இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. ஷூவை அதுக்குப் பக்கத்துல வச்சாரு.

உள்ளே மிஸ் புரொஜெக்டர் வயரைச் சொருகிக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்தாங்க. கத்துவாங்கன்னு நினைக்காதீங்க, ஒண்ணுமே நடக்கலை. வயரை முழுசாச் சொருகினாங்க, திரையில படம் வருதான்னு பார்த்தாங்க, "ஒரு நிமிஷம், வர்றேன்"னு சொல்லிட்டு ஜெனரேட்டர் ரூம் பக்கம் இருக்கிற பின்கதவு வழியாப் போயிட்டாங்க. அந்தப் பக்கம் வெறும் ஜல்லிதான்க்கா. வேலிக்காத்தான் முள் வேற. செருப்பு முன்வாசல்ல.

அவர் ரெண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தாரு. மடல் ஹெட்டரைப் பத்தித்தான். எல்லாரையும் சிரிக்க வச்சாரு. மிஸ் திரும்பி வரவே இல்லை. சாயங்காலம் அவரை பஸ் ஏத்தி விடப் போனேன். அவர் பஸ் ஏறலை, ஆட்டோ பிடிச்சாரு. எங்கே போனாருன்னு மறுநாள் தெரிஞ்சது.

மறுநாள் செருப்பைக் குடுக்கலாம்னு ஹாஸ்டலுக்குப் போனேன். வார்டன் ரோஸம்மா கேட்டைத் திறக்கலை. கம்பி வழியாவே பேசினாங்க. "நீதான் அந்தப் பையனா? நேத்து வந்தவனை அனுப்பி வச்சது நீதானா?" சார் வந்தாரா இங்கேன்னு கேட்டேன். "சாரா? அவ புருஷன்டா அவன். ராத்திரி வரைக்கும் இந்தக் கேட்டுல நின்னான். அவளுக்கு அந்தக் கை ஏன் மேலே தூக்க வராதுன்னு தெரியுமாடா உனக்கு?" தெரியாதுன்னேன். சொன்னாங்க. அதை நான் உங்ககிட்டச் சொல்லலை, பிள்ளை முழிச்சிருக்கான்.

மிஸ் முதல் நாள் மத்தியானமே ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டாங்களாம். மூணு வருஷமா அந்தாளு கண்ணுல படாம இருந்தவங்க. வேலையும் போச்சு. சொல்லாம நின்னதால எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்கூடத் தர முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.

அந்த வரியை அன்னைக்கே அழிச்சிட்டேன்க்கா. என்ன பிரயோஜனம்? குழுமத்துக்குப் போன மடலெல்லாம் இணையத்துல அப்படியே சேர்ந்து கிடக்கு. யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். அழிக்கச் சொல்லி எழுதினேன். "எங்ககிட்ட அதுக்கு வழக்கமில்லை"ன்னு பதில் வந்தது. அதுல பாதிப் பேரு இளவழகன் சாருக்கு நண்பர்கள்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசமா நான் யார் குரலையும் பேசலை. நிஜமாத்தான். பசங்க கேட்டாக்கூடச் செய்யலை. சோறு இறங்கலை. போர்டுல யாராவது மேல்பாதியில எழுதினாக்கூட எனக்கு ஒரு மாதிரி ஆயிரும்.

ஒரே ஒரு தடவை பேசினேன். அது நல்ல காரியத்துக்கு. மிஸ் எங்கே இருக்காங்கன்னு வார்டனுக்கு மட்டும் தெரியும். நான் கேட்டா சொல்லுவாங்களா? அதனால போன் பண்ணேன். "பிரின்சிபால் பேசுறேம்மா. அந்த வண்டார்குழலி இருக்காங்களே, பாவம், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ரெடியா இருக்கு. தபால்ல அனுப்பணும். முகவரி சொல்றீங்களா?" அவரு பேசுறதுக்கு நடுவுல லேசா இருமுவாரு, அதையும் விடலை. வார்டனம்மா கண்ணே கலங்கிருச்சு போல. "நீங்களாவது நினைச்சீங்களே சார்"னு சொல்லி, மிஸ் இப்ப வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பேரு, தெரு, வீட்டுக்காரம்மா பேரு, எல்லாம் சொல்லிட்டாங்க. ஒரே போன்ல. என் வாழ்க்கையிலேயே நல்லா வந்த பிரின்சிபால் அதுதான்க்கா. எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்தது.

இந்தப் பையில இருக்கிறது மிஸ்ஸோட செருப்புதான். அதான் கீழே வைக்கலை. பள்ளிக்கூடம் நாலரைக்கு விடும். கேட்டுக்கு எதிர்லயே நிக்கப் போறேன். வெளியே வந்ததும்...

என்ன கேட்டீங்க?

இல்லைக்கா. அவங்க வரச் சொல்லலை. நான் வர்றது அவங்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க.

எதுக்கா? மன்னிப்புக் கேட்கத்தான் போறேன். வேற என்ன. ஒரே ஒரு தடவை நேருக்கு நேரா நின்னு கேட்டுட்டா எனக்குச் சோறு இறங்கும். அவங்க முகத்தைப் பார்த்து...

கொஞ்சம் இருங்க.

அந்தாளும் அதைத்தான் சொன்னான். டீக்கடையில. நான் உங்ககிட்ட அதைச் சொல்லலை. அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஏத்தி விடப் போனப்ப, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னான். "அவ என் மனைவி தம்பி. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்." அழுதான்க்கா. நிஜமாவே அழுதான். எனக்குப் பாவமா இருந்தது. ஹாஸ்டல் எந்தத் தெருன்னு கேட்டான். ஆட்டோக்காரருக்கு வழி சொன்னதே நான்தான். பஸ் ஏறலை, ஆட்டோ பிடிச்சான்னு சொன்னேனில்ல. நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்.

தெரியாதுன்னு வார்டன்கிட்டச் சொன்னது பொய்யில்லைக்கா. கையைப் பத்தித் தெரியாது. மத்தது தெரியும்.

ம். பேசுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஆமா. யாரு பிரின்சிபால் மாதிரி பேசினாலும் வார்டனம்மா சொல்லிருவாங்க. அந்தாளுக்கு மிமிக்ரி தெரியணும்னுகூட இல்லை. அதட்டிப் பேசினாப் போதும். நீங்க சொல்றது சரிதான், முதல்ல அவங்களுக்கு போன் பண்ணணும். அது நான்தான், யாரு கேட்டாலும் இனிமே குடுக்காதீங்கன்னு. இப்பவே பண்றேன். ஆனா என்னன்னு ஆரம்பிக்கிறது? பிரின்சிபால் குரல்ல சொன்னா உடனே கேட்பாங்க. என் குரல்ல சொன்னா ஏன் நம்பணும்? என் குரலை அவங்க கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்காங்க.

பரவாயில்லை. திட்டட்டும்.

போகுது. மணி அடிக்குது. எடுக்கலை. திரும்ப அடிக்கிறேன்.

பரமக்குடி பக்கத்துல வந்துருச்சா? அப்ப இன்னும் கொஞ்ச தூரம்தான்.

எடுத்துட்டாங்க... அம்மா, நான் கோமதிராஜன் பேசுறேன். பாலிடெக்னிக். அந்தப் பையன்தான். வைக்காதீங்கம்மா, வைக்காதீங்க, ஒரு நிமிஷம். போன வாரம் பிரின்சிபால்னு பேசினது நான்தான். ஆமாம்மா. ஆமா. இல்லை, போகலை. போக மாட்டேன். இனிமே யாரு கேட்டாலும், காலேஜ்லேருந்துன்னு சொன்னாலும்... ஆமாம்மா. சரி. திட்டுங்கம்மா.

வச்சுட்டாங்க.

மிஸ்ஸுக்கு இப்பவே சொல்லப் போறாங்களாம். வேற இடம் பார்க்கணுமேன்னாங்க. மறுபடியும் வேற இடம்க்கா.

கண்டக்டர் அண்ணே, இல்லண்ணே, நான் பரமக்குடியில இறங்கலை. ராமநாதபுரம் ஒண்ணு குடுங்க. ஆமா, இறங்கலை. முன்னாடி எடுத்தது போகட்டும்.

அக்கா, ஒரு உதவி. பிள்ளையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நிமிர்த்தி உட்கார வையுங்க. முந்தானையை லேசா இழுத்து விடுங்க. நான் இப்படிக் குனிஞ்சுக்குறேன். பள்ளிக்கூடம் விடுற நேரம். ஸ்டாண்டுல அவங்க பஸ்ஸுக்கு நின்னாலும் நிப்பாங்க. என் முகம் தெரிய வேண்டாம்.

நின்னுருச்சா? எத்தனை பேர் ஏறுறாங்க? நான் நிமிர மாட்டேன். நீங்களே பார்த்துக்கங்க. கிளம்பினதும் சொல்லுங்க.